காட்டு விலங்குப் பொம்மைகள்: முதலில் ஸ்கேல், அப்புறம் கம்பெனி

அலமாரியில் ஒரு சிங்கமும் ஒரு ஒட்டகச்சிவிங்கியும் அடுத்தடுத்து நிற்கின்றன. சிங்கத்துக்குத் தோள் உயரம் 7 செ.மீ. ஒட்டகச்சிவிங்கிக்குக் கொம்பு நுனிவரை 17 செ.மீ. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை. பெயிண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்கும்போது எதுவோ உறுத்துகிறது. கணக்குப் போட்டால் காரணம் பிடிபட்டுவிடும். நிஜமான ஆண் சிங்கம் தோளில் ஏறத்தாழ 1.2 மீட்டர். 120ஐ 7ஆல் வகுத்தால் ஸ்கேல், அதாவது மாடலுக்கும் நிஜத்துக்கும் உள்ள அளவு விகிதம், 1:17. ஆண் ஒட்டகச்சிவிங்கி 5 மீட்டரைத் தாண்டும். 5.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்த மாடல் 1:30. அந்த ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் சிங்கத்தின் தோள் அப்போது 2.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குதிரையைவிட உயரமான சிங்கம்!

விலங்குப் பொம்மை சேகரிக்கும் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழையும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே வருகிறது. ஆனால் எந்த வகைப் பொம்மை, எந்த ஸ்கேல் என்று முடிவுசெய்யாமல் அதைக் கேட்டால், ஒரு வருஷம் கழித்து அலமாரியில் பாதியை எடுத்து ஒதுக்க வேண்டியிருக்கும்.

எந்த வகை

பை நிறைய வரும் மலிவு செட்டை முதலில் பேசி முடித்துவிடலாம். உள்ளே காற்று மட்டும் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக், நடுவயிற்றில் கத்திபோல் துருத்தும் இணைப்புக் கோடு, உடம்பு முழுக்க ஒரே நிற ஸ்ப்ரே. யானையும் வரிக்குதிரையும் ஒரே உயரத்தில் இருக்கும். மணலில், குளியல் தொட்டியில் போட்டு விளையாட இது போதும், தொலைந்தாலும் யாருக்கும் வருத்தமில்லை. பிரித்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கும் ரசாயன வாடை வந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "நாலு நாள் வெயிலில் வைத்தால் போய்விடும்" என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

அடுத்தது குழாயில் அடைத்து வரும் குட்டி உருவங்கள். அமெரிக்காவின் சஃபாரி லிமிடெட் செய்யும் 'டூப்ஸ்' இதில் பேர்போனது. ஒரு குழாயில் பத்துப் பன்னிரண்டு உருவங்கள், பெரும்பாலானவை 5 முதல் 7 செ.மீ. கண்டம் வாரியாகப் பிரிக்க, வகைப்படுத்திப் பழக, மாணவர்களின் செய்முறைத் திட்டத்துக்கு அட்டையில் காடு அமைக்க என்று எல்லாவற்றுக்கும் பொருத்தம். ஆனால் குழாய்க்குள் எல்லாம் அடங்க வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஸ்கேலில் இருக்கும். முறையான கலெக்‌ஷனுக்கு இது அடித்தளம் ஆகாது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

மூட்டு அசையும் பொம்மைகள்தான் ஆசையைத் தூண்டும் வகை. ஜப்பானின் டகாரா டோமி 2013இல் தொடங்கிய 'ஆனியா' வரிசையில் தாடை, கழுத்து, கால் என்று ஒவ்வொரு விலங்குக்கும் சில இடங்கள் அசையும். உருவங்கள் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு குறைவு. அலமாரிக்கு என்றால் யோசிக்க வேண்டும். மனித உருவ ஆக்‌ஷன் ஃபிகரில் மூட்டை உடையும் கவசமும் மறைத்துவிடும். விலங்குக்கு மறைக்க உடை கிடையாது. புலியின் தோளில் மூட்டு வைத்தால் அந்த இடத்தில் வரிகள் வெட்டுப்படும். காலைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு வரி இரண்டு துண்டாகி மேலும் கீழுமாக நிற்கும். யானை, காண்டாமிருகம், முதலை போன்ற, தோலில் ஏற்கனவே மடிப்புள்ள விலங்குகளில்தான் மூட்டுக் கோடு ஓரளவு ஒளிந்துகொள்கிறது. மூட்டுப் பொம்மை வாங்குவதாக இருந்தால் இவற்றில் தொடங்குங்கள், வரிக்குதிரையைக் கடைசியில் பாருங்கள்.

மூட்டு நாளாக ஆகத் தளரும். கால் நழுவி யானை உட்கார்ந்துவிடும். கழற்ற முடிகிற மூட்டாக இருந்தால் பந்துபோன்ற பகுதியில் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து, ஒரு முழு நாள் உலரவிட்டு, பிறகு பொருத்துங்கள். உலர்வதற்கு முன் பொருத்தினால் மூட்டு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் திருகும்போது காம்பு முறியும்.

மீதி இருப்பது அசையாத, ஒரே வார்ப்பான, கையால் பெயிண்ட் அடித்த பிவிசி மாடல்கள். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் இதுதான். இனி பேசப்போவதும் இவற்றைப் பற்றியே. மர விலங்குகளை, ஜெர்மனியின் ஓஸ்ட்ஹைமர், ஹோல்ஸ்டிகர் போன்றவற்றை, இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமில்லை. அவை விலங்கின் சாயலைக் காட்டுகின்றன, உடற்கூற்றைக் காட்ட முயல்வதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அருமை. தண்ணீரில் மட்டும் ஊறவிடக் கூடாது.

ஸ்கேல்: ஒரு அளவுகோல், ஒரு வகுத்தல்

1:20 என்று முடிவுசெய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3.2 மீட்டர் ஆண் ஆப்பிரிக்க யானை 16 செ.மீ. ஆகும். ஒட்டகச்சிவிங்கி 26 செ.மீ. வெள்ளைக் காண்டாமிருகம் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சிங்கம் தோளில் 6 செ.மீ. நிமிர்ந்து நிற்கும் மீர்காட் (கீரிக் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன ஆப்பிரிக்க விலங்கு) ஒன்றரை செ.மீ. இதையே 1:32க்கு மாற்றினால் யானை 10, ஒட்டகச்சிவிங்கி 16, சிங்கம் நாலு செ.மீ.கூட வராது, மீர்காட் 1 செ.மீ.க்கும் கீழே போய்விடும்.

கம்பெனிகள் ஏன் ஒரே ஸ்கேலில் நிற்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. 26 செ.மீ. ஒட்டகச்சிவிங்கி பெட்டியில் அடங்காது, கடை அலமாரியில் நிற்காது, பிளாஸ்டிக் செலவு அதிகம். ஒன்றரை செ.மீ. மீர்காட்டுக்கு முகமே வரைய முடியாது. எனவே பெரியதைச் சுருக்குகிறார்கள், சிறியதை ஊதுகிறார்கள். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கும் 'சஃபாரி ஸ்கேல்' போன்ற சொற்களுக்கு மயங்காமல், உயரத்தைக் கேட்டு வாங்கி நீங்களே வகுத்துப் பாருங்கள். கேட்க வேண்டியது தோள் உயரம். பல இடங்களில் கொடுக்கப்படும் 'உயரம்' தூக்கிய தும்பிக்கை நுனி வரைக்குமாக இருக்கும், நீளத்தில் வாலும் சேர்ந்திருக்கும். தும்பிக்கை தூக்கிய யானையில் இந்த ஒரு குழப்பமே கணக்கை மூன்றில் ஒரு பங்கு தவறாக்கிவிடும்.

நடைமுறையில் கடுமையான ஒற்றை ஸ்கேல் சாத்தியமில்லை. ஒரு வரம்பை வைத்துக்கொள்வதே சரி. பெரிய பூனை இனங்கள், மான்கள், வரிக்குதிரை, காண்டாமிருகம் எல்லாம் 1:18 முதல் 1:24க்குள் இருந்தால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் 1:26 வரை சரியலாம், அவற்றை அலமாரியின் பின்வரிசையில் வைத்தால் தூரம் அந்தக் குறையை விழுங்கிவிடும். சின்ன விலங்குகளைப் பெரியவற்றோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். மீர்காட்டும் கீரியும் முள்ளம்பன்றியும் தங்களுக்குள் ஒரே ஸ்கேலில் இருந்தால் போதும், யானையோடு அவற்றுக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

ஜீப், கூடாரம், மனித உருவம் எல்லாம் சேர்த்துக் காட்சி அமைக்கும் எண்ணம் இருந்தால் வண்டி எந்த ஸ்கேல் என்பதை முதலில் பாருங்கள். ப்ரூடர் கம்பெனியின் லேண்ட் ரோவர் 1:16. பண்ணை வண்டிகளில் சிக்கு, பிரிட்டன்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் 1:32. ஒன்றுக்கு மற்றது சரி இரட்டைப்படி. 1:16 வண்டிக்குப் பக்கத்தில் கடையில் கிடைக்கும் யானை குட்டியானை போலத் தெரியும். 1:32 வண்டிக்குப் பக்கத்தில் அதே யானை மாமூத் ஆகிவிடும். வண்டியை விலங்குகளிலிருந்து 30, 40 செ.மீ. முன்னால் அல்லது பின்னால் வைத்துப் படம் பிடிப்பதுதான் மலிவான பரிகாரம்.

கம்பெனிகள் நேருக்கு நேர்

ஷ்லைக் 1935இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம். விலங்குகளுக்கு முன்பே, 1965 முதல் ஸ்மர்ஃப் உருவங்களால் பெயர் வாங்கியது. கையில் பிடித்து விளையாடும் உருவம் செய்தே வளர்ந்தது என்பது இன்றும் அதன் விலங்குகளின் காலில் தெரிகிறது. கணுக்கால் நிஜத்தைவிடத் தடிமன், பாதம் அகலம். கீழே விழுந்தால் உடையாது, எந்தத் தரையிலும் நிற்கும். மான் இனங்களிலோ அதே தடிமன் உறுத்தும். பெயிண்ட் நீடித்து உழைக்கும். சமீப வருஷங்களின் மாடல்களில் முகம் கொஞ்சம் கார்ட்டூன் பக்கம் சாய்ந்திருப்பதை விரும்பாதவர்கள் பழைய, உற்பத்தி நின்ற மாடல்களைத் தேடுகிறார்கள். விளையாடவும் வேண்டும், அலமாரியிலும் வைக்க வேண்டும் என்றால் பாதுகாப்பான தேர்வு இதுதான்.

பிரான்சின் பாப்போ இதற்கு நேர் எதிர்த் திசை. தசை, மடிப்பு, ரோமம் எல்லாம் ஆழமாகச் செதுக்கியிருக்கும். அந்தப் பள்ளங்களில் கறுத்த கழுவல் பெயிண்ட், அதாவது தண்ணீர்போல் நீர்த்த பூச்சு, தங்கி உருவத்துக்கு உயிர் வரும். சில சமயம் அது அளவுமீறியும் போகும், அப்போது சிங்கம் பளு தூக்கும் வீரர்போல நிற்கும். கரடி, காண்டாமிருகம், ஓநாய் போன்றவற்றில் பாப்போவின் கை ஓங்கியிருக்கிறது. மெல்லிய கால், ஒல்லியான வால் உள்ளவற்றில் வளைவு அடிக்கடி வரும். ஆகவே வாங்கும்போது நாலு காலும் தரையில் படுகிறதா என்று கண்ணாடிப் பரப்பில் வைத்துப் பாருங்கள்.

சஃபாரி லிமிடெட் 1982இல் தொடங்கியது. கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1988 முதல் 2015 வரை டைனோசர் வரிசை ஒன்றை நடத்தியது, மான்டரே பே மீன்காட்சியகத்தின் பெயரில் கடல் விலங்குகள் செய்தது. அந்தப் பழக்கம் காட்டு விலங்குகளிலும் தெரியும். உறுமல், பாய்ச்சல் என்று நாடகம் காட்டாத, அடக்கமான நிலைகள். உடற்கூறு பெரும்பாலும் சரியாக இருக்கும். பெயிண்ட்தான் சில மாடல்களில் தட்டையாக, ஒரே அடுக்காக இருக்கும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் பாப்போ ஜெயிக்கும். கையில் எடுத்து விலங்கியல் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பல இடங்களில் சஃபாரி முந்திவிடும்.

கலெக்டாவின் பலம் எந்த விலங்கைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பத்தாவது சிங்கத்தை வார்ப்பதற்குப் பதில், மற்ற கம்பெனிகள் தொடாத மான் இனங்களையும் அரிய பாலூட்டிகளையும் அது செய்கிறது. விற்பனைக் குறிப்பில் எம், எல், எக்ஸ்எல் என்று அளவு எழுத்து இருக்கும். அது மாடல் எவ்வளவு பெரியது என்று சொல்லுமே தவிர, ஸ்கேலைச் சொல்லாது. பெயிண்ட் தரம் ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் வெகுவாக மாறும், படம் பார்க்காமல் வாங்காதீர்கள். மோஜோ பொதுவாக இந்த ஐந்தில் மற்றவற்றைவிட மலிவு. வரிசை பெரிது, வார்ப்பு சில இடங்களில் மொழுக்கென்று இருக்கும், ஆனால் ஒரு கூட்டத்தை, உதாரணமாக ஏழு வரிக்குதிரைகளை, நிறுத்த வேண்டும் என்றால் பின்வரிசைக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஒரே கம்பெனியின் முழு வரிசையையும் வாங்கித் தீர்ப்பது ஒரு ஆசை. அதில் இரண்டு நட்டம். அந்தக் கம்பெனியின் மோசமான மாடல்களும் சேர்ந்து வரும், ஸ்கேலும் கலையும். விலங்கு விலங்காகப் பார்த்து, அந்த விலங்கை யார் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று தேர்ந்தெடுத்தால் அலமாரி பலதரப்பட்டதாகத் தெரியுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்கேல் ஒத்துப்போனால் கம்பெனி வித்தியாசம் கண்ணில் படாது. பளபளப்பு வித்தியாசம் மட்டும் படும். அதற்குப் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் இருக்கிறது.

யானையைக் கையில் எடுத்தால்

பெட்டியில் 'ஆப்பிரிக்க யானை' என்று போட்டிருக்கும். அதை நம்பாமல் உருவத்தைப் படியுங்கள். ஆப்பிரிக்க யானையின் காது கழுத்தைத் தாண்டித் தோளை மூடும், முதுகு நடுவில் குழிந்திருக்கும். ஆசிய யானைக்குக் காது சிறிது, முதுகு கூனல், நெற்றியில் இரட்டை மேடு, உடம்பின் மிக உயர்ந்த இடம் தலை. தும்பிக்கை நுனியை நேராகப் பார்த்தால் ஆப்பிரிக்க யானைக்கு மேலும் கீழுமாக இரண்டு 'விரல்', ஆசிய யானைக்கு மேலே ஒன்று மட்டும். மாடலில் அந்த நுனி மொத்தமே அரை செ.மீ. இருக்காது. இருந்தாலும் நல்ல சிற்பி அதை விடுவதில்லை. அடுத்து நகங்கள். ஆப்பிரிக்கச் சவானா யானைக்கு முன்காலில் நாலு, பின்காலில் மூன்று. ஆசிய யானைக்கும் ஆப்பிரிக்கக் காட்டு யானைக்கும் பொதுவாக ஐந்தும் நாலும். நாலு காலுக்கும் ஒரே எண்ணிக்கையில் வெள்ளைப் பொட்டு வைத்திருந்தால் பெயிண்ட் அடித்தவர் படம் பார்க்கவில்லை என்று பொருள். ஆசியப் பெண் யானைக்கு வெளியே நீளும் தந்தம் இருந்தால் அந்த மாடலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

இதே மாதிரி ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு மூன்று சோதனைகள் உண்டு. காண்டாமிருகத்துக்குக் காலுக்கு மூன்று விரல், நீர்யானைக்கு நாலு. வெள்ளைக் காண்டாமிருகத்தின் மேலுதடு சதுரமாக வெட்டியதுபோல் அகலமாக இருக்கும், கறுப்புக்கு கொக்கிபோல் கூரியது. நிறத்தில் இரண்டும் சாம்பல்தான், பெயரைப் பார்த்து வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். வரிக்குதிரையில் வயிறு வரி இல்லாமல் வெள்ளையாக, வரிகள் நெருக்கமாக, காது பெரிதாக வட்டமாக இருந்தால் அது கிரெவி வரிக்குதிரை. ஒட்டகச்சிவிங்கி நடக்கும்போது ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் கிட்டத்தட்டச் சேர்ந்தே முன்னேறும். குதிரைத் துள்ளல்போலக் குறுக்குக் கால்களை மாற்றி வைத்திருந்தால் அது பிழை. புலியின் காதுக்குப் பின்புறம் வெள்ளைப் பொட்டு இருக்க வேண்டும். விற்பனைப் படங்களில் அந்தப் பக்கம் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

புள்ளிப் பூனைகள் தனிச் சங்கடம். தமிழில் 'சிறுத்தை' என்ற சொல்லையே லெபர்டுக்கும் சீட்டாவுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், விற்பவர்களும் அப்படியே. பெயரை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். தனித்தனிக் கறுப்புப் பொட்டு, கண்ணிலிருந்து வாயோரம் வரை கறுத்த கண்ணீர்க் கோடு என்றால் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. பூப்போன்ற வளையம், உள்ளே வெறுமை என்றால் லெபர்ட். வளையத்துக்குள்ளேயும் பொட்டு, உடம்பு குட்டையாகக் கட்டுமஸ்தாக இருந்தால் ஜாகுவார். மூன்றுக்கும் ஒரே உடம்பை வைத்துக்கொண்டு பெயிண்டை மட்டும் மாற்றி விற்கும் மலிவு செட்டுகள் ஏராளம்.

புள்ளியும் வரியும் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் குறை எங்கே இருக்கும் என்பதும் தெரியும். அடிப்படை நிறம் முகமூடித் தகடு வைத்து ஸ்ப்ரே செய்யப்படுகிறது. கண், வரி, புள்ளி போன்ற நுண்ணிய வேலையைக் கையால் வரைவார்கள், அல்லது மெத்தென்ற சிலிக்கான் அச்சால் ஒற்றியெடுப்பார்கள். இந்த அச்சு ஒரு பக்கத்திலிருந்து அழுத்தப்படுவதால், முதுகுக் கோட்டிலும் வயிற்றடியிலும் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் சந்திக்காமல் போகலாம். வரிக்குதிரையை வாங்கும்போது முதலில் மேலிருந்து பாருங்கள். அடுத்து முகத்தை நேராகத் திருப்பி இரண்டு கண்ணும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாடலின் ஐந்து பிரதிகளில் ஒன்றிரண்டுக்கு மாறுகண் இருக்கலாம். கடையில் பெட்டியை அடுக்கிலிருந்து எடுப்பதுபோல் முதலாவதை எடுத்துக்கொண்டு வராமல், ஐந்தையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தே எடுங்கள்.

கெட்டுப்போவது எப்படி, சரிசெய்வது எப்படி

மெதுபிவிசிக்கு வெப்பம் ஆகாது. வெயில் விழும் ஜன்னலோரத்தில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி சில மாதத்தில் ஒரு பக்கம் சாயும், ஏனென்றால் மொத்த எடையும் நாலு மெல்லிய காலில் இறங்குகிறது. சாய்ந்த காலை நிமிர்த்தக் கொதித்து இறக்கிய தண்ணீர், சுமார் 80 டிகிரி, போதும். கால்களை மட்டும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் முக்குங்கள். உடம்பை முக்காதீர்கள். உள்கூடான மாடலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து இணைப்புக் கோடு பிரியும். வெளியே எடுத்ததும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் மிகையாகவே வளைத்து, சமதளத்தில் நிறுத்திப் பிடித்து, உடனே ஐஸ் போட்ட தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வையுங்கள். மிகையாக வளைக்காவிட்டால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பும், பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் அதிகம். திரும்பத் திரும்பச் சாயும் மாடலுக்கு ஒரே தீர்வு பீடம்: இரண்டு பாதங்களில் 2 மி.மீ. துளை 8 மி.மீ. ஆழத்துக்குப் போட்டு, பித்தளைக் கம்பி சொருகி, மரப் பலகையில் நிறுத்துங்கள். அரிய மாடலில் துளை போட்டால் மறுவிற்பனை மதிப்பு போய்விடும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நோய் பிசுபிசுப்பு. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்போன்ற பொருள் வருஷக்கணக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வரும், அதில் தூசி ஒட்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் கசிவு வெளியேற வழியின்றி இன்னும் மோசமாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு கலந்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, துணியில் ஒற்றி உலர்த்துங்கள். ஆல்கஹால் வேண்டாம், கண்ணை அழித்துவிடும். உள்கூடான மாடலைத் தண்ணீரில் மிதக்கவிடாதீர்கள். வயிற்றடித் துளை வழியே தண்ணீர் புகுந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வெளியே எடுக்க வழியே இல்லை. அதே கசிவு வேறு ஒரு சேதமும் செய்யும்: பாலிஸ்டைரீன் தட்டிலோ வார்னிஷ் அடித்த மரத்திலோ மாதக்கணக்கில் நின்றால் பாதத்தின் அச்சு அதில் உருகிப் பதியும். கண்ணாடி அல்லது பூச்சில்லாத மரம் நல்லது.

மறுபடி பெயிண்ட் அடிப்பதென்றால் கடையில் கிடைக்கும் எனாமல் ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். மெதுபிவிசி மேல் அது பல மாதம் காயாமல் ஒட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகத் தூரிகையால் அடித்து, நீர் சார்ந்த மேட் வார்னிஷால் முடியுங்கள். பளபளக்கும் மாடலை மற்றவற்றோடு ஒத்துப்போக வைக்கவும் இந்த வார்னிஷ் மட்டுமே போதும். கண்ணை மட்டும் பளபளப்பாக விடுங்கள்.

பிள்ளைக்கா, பழசுக்கா

மூன்று வயதுக்குக் கீழே என்றால், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் எந்த உருவமும் பகுதியும் முழுவதுமாக அடங்கக் கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்பு விதி. குட்டி விலங்குகளும் டூப்ஸ் வகையில் பலவும் இங்கேயே தகுதி இழக்கும். தனியே ஒட்டிய தந்தமும் கொம்பும் கடித்தால் வரக்கூடியவை.

பழைய மாடல் வாங்கும் ஆசை பெரியவர்களோடு நிற்கட்டும். டிஇஹெச்பி, டிபிபி, பிபிபி என்ற மூன்று தாலேட்டுகளை (பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனங்கள்) ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2005இல் முடிவுசெய்து 2007 முதல் அமலாக்கியது. அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய மெதுபிவிசி உருவத்தைக் கடிக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். இன்னும் பழைய பிரிட்டன்ஸ் விலங்குகள் ஈயம். 1893இல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த உள்கூடு வார்ப்பு முறையில் 1966 வரை ஈய உருவங்கள் வந்தன. கண்ணாடிக்குள் வைக்க அழகு, தொட்டபின் கை கழுவ வேண்டும்.

போலிகளைக் கண்டுபிடிக்க அளவுகோல் உதவும். அசலிலிருந்தே அச்சு எடுத்து மறுபடி வார்ப்பதால் போலி சற்றுச் சுருங்கியிருக்கும். தோல் மடிப்புகள் மழுங்கும், வயிற்றில் பொறித்த கம்பெனிப் பெயர் காணாமல் போயிருக்கும் அல்லது எழுத்துகள் கரைந்ததுபோல் தெரியும்.

எந்த வரிசையில் வாங்குவது

இங்கே ஒரு விதி தாராளமாகச் சொல்லலாம்: அரியதை முதலில், பிரபலமானதைக் கடைசியில். கம்பெனிகள் அடிக்கடி சில மாடல்களை நிறுத்திப் புதியவை கொண்டுவருகின்றன. சிங்கம் நின்றால் வேறு சிங்கம் வரும், பெரும்பாலும் முந்தியதைவிட நன்றாகவே வரும். ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபியோ செதில் போர்த்திய அழுங்கோ நின்றால் மறுபடி யாராவது செய்யப் பல வருஷம் ஆகலாம், அதற்குள் பழைய பிரதியின் விலை எகிறிவிடும். முதல் பத்தில் ஒரு யானையைக் கட்டாயம் வையுங்கள், ஸ்கேலுக்கு அதுதான் நங்கூரம். மீதி ஒன்பதில் ஐந்தாவது அரிய இனங்களாக இருக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதிவு எழுதுங்கள்: விலங்கின் பெயர், அறிவியல் பெயர், கம்பெனி, மாடல் எண், தோள் உயரம், வகுத்து வந்த ஸ்கேல், வாங்கிய தேதி. மாடலைப் பற்றி மற்றவர்களுக்கு மதிப்புரை எழுதுவதானால் இந்த வரியோடு ஆறு படங்கள் போதும்: இரண்டு பக்கம், முன், பின், மேல், வயிறு. ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை விலங்கின் தோள் மட்டத்தில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு எடுங்கள். இலவசமாக வந்த பிரதி என்றால் அதைச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் பொறித்திருக்கும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குரிய மதிப்பை மட்டும் கொடுங்கள். அது அந்தச் சிற்பத்தின் ஆண்டு, உங்கள் பிரதி வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. 2012 என்று பொறித்தது 2019இல் வார்த்ததாக இருக்கலாம். அந்த எண்ணைக் காட்டி 'பழைய பதிப்பு' என்று யாராவது விலை கூட்டிக் கேட்டால், டேகையும் பாதத்தின் அடிப்பகுதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.